கிழக்கே தாழ்வு மண்டலம், தெருவில் வடக்குக் காற்று: இது எப்படி?

அக்டோபர் 22, இரவு 9.40 (கேள்வி)
காற்று அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு வீசும் என்று ஏழாம் வகுப்பிலிருந்து படித்து வருகிறோம். இப்போது சென்னைக்கு நேர் கிழக்கே வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நிற்கிறது. அப்படியானால் காற்று மேற்கிலிருந்து கிளம்பி எங்கள் தெரு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும் அல்லவா? இரண்டு நாளாக வடக்கிலிருந்துதான் வீசுகிறது. புத்தகம் தப்பா, என் மூக்கு தப்பா?

அக்டோபர் 22, இரவு 10.25
இரண்டும் தப்பில்லை தம்பி. புத்தகம் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

காற்று தாழ்வு மண்டலத்தை நோக்கித்தான் கிளம்புகிறது. போகிற வழியில் பூமி சுழல்வதால் அதன் பாதை வலப்பக்கம் விலகுகிறது. வட அரைக்கோளத்தில் எப்போதும் வலம், தென் அரைக்கோளத்தில் இடம். மேற்கிலிருந்து கிழக்கே போகக் கிளம்பிய காற்றுக்கு வலப்பக்கம் என்றால் தெற்கு. தெற்கு நோக்கிப் போகிற காற்று நமக்கு வடக்கிலிருந்து வருகிற காற்று. உங்கள் தெருவில் நடப்பது அதுதான்.

மாடிக்குப் போய் ஒரு சோதனை செய்து பாருங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று இடது கையை நீட்டினால் தாழ்வு மண்டலம் இருக்கும் பக்கத்தைக் கை காட்டும். பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857ல் சொன்ன விதி இது. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் மாலுமிகள் இதை வைத்துத்தான் புயல் எந்தப் பக்கம் என்று கணித்தார்கள்.

அக்டோபர் 23, காலை 7.10
நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. காற்று முழுசாக 90 பாகை திரும்பிவிடுவது உயரே, தரை உரசாத இடத்தில். கீழே மரம், கட்டடம், அலை எல்லாம் உரசி வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால் திரும்புவதும் குறைகிறது. அதனால் தரையில் காற்று கொஞ்சம் தாழ்வு மண்டலத்தின் பக்கம் சாய்ந்தே போகும். கடல் மேல் சாய்வு குறைவு, ஊருக்குள் அதிகம். ஆக உங்கள் தெருவில் சரியான வடக்காக இருக்காது, வடக்கு-வடமேற்காக இருக்கும். நீங்கள் எதிர்பார்த்த மேற்கு அதற்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது.

அக்டோபர் 23, இரவு 9.05
"பூமி சுழன்றால் காற்று ஏன் விலக வேண்டும், காற்றும் கூடவே சுழலாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே சுழலும். வம்பே அங்கேதான். நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. சென்னை இருக்கும் 13 பாகையில் சுமார் 1,627. நடுக்கோட்டிலிருந்து வடக்கே வரும் காற்று அந்தக் கூடுதல் வேகத்தோடு வருகிறது, இங்கே உள்ள தரையை முந்திக் கிழக்கே சாய்கிறது. தெற்கிலிருந்து கிளம்பியது தென்மேற்கிலிருந்து வருவதாக நமக்குப் படுகிறது. அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று. வடக்கிலிருந்து இறங்கும் காற்று பின்தங்கி, வடகிழக்கிலிருந்து வருவது போல ஆகிறது. இது கணக்கின் ஒரு பங்குதான். முழுக் கணக்கும் கேட்பவர்களுக்குக் கல்லூரி இயற்பியல் இருக்கிறது, நான் விலகிக்கொள்கிறேன்.

அக்டோபர் 23, இரவு 9.20
இல்லை, கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது தொட்டியின் வடிவமும் நீங்கள் அடைப்பை எடுத்த விதமும். நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடினால்தான் பூமியின் சுழற்சி கண்ணுக்குத் தெரியும்.

அக்டோபர் 26, மாலை 5.50
கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன். சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பம்மலில் என் வீட்டு மாடியில் ஒரு காற்றுத்திசைகாட்டி வைத்திருக்கிறேன். பழைய சைக்கிளின் முன்சக்கர ஹப், அதன் மேல் ஒரு கம்பி, கம்பியின் ஒரு முனையில் அலுமினியத் தகட்டில் வெட்டிய மீன்வால். இந்த இணைய இழையில் பெரிதாகப் பேசிவிட்டு இன்று ஏறிப் பார்த்தால், காற்று வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டிய மூக்கு தெற்கே பார்க்கிறது. வானிலை அறிக்கையில் வடக்கு. மேகமும் வடக்கிலிருந்து. என் மீன் மட்டும் தெற்கு என்கிறது, அதுவும் உறுதியாக. பைஸ் பாலட் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அக்டோபர் 27, காலை 6.30
மீன் விவகாரம் அப்புறம். "வடக்குக் காற்று என்றால் வடக்கே போகிற காற்றா, வடக்கிலிருந்து வருகிறதா?" என்று ஒருவர். வருகிற திசைதான் பெயர். மேற்குக் காற்று மேற்கிலிருந்து வரும், வடக்கை 0 என்று வைத்து வலமாக எண்ணினால் 270 பாகை. கடல் நீரோட்டத்துக்கு மட்டும் உலக வழக்கு தலைகீழ், போகிற திசையைச் சொல்வார்கள். இதில் குழம்பாதவர்கள் யாருமில்லை.

தமிழில் இந்தக் குழப்பமே வராது. காற்றுக்குத் திசையை ஒட்டவைக்காமல் தனிப் பெயரே கொடுத்துவிட்டார்கள். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கரையில் பேச்சு வேறு. வேம்பார் பக்கம் எங்கள் பெரியப்பா வள்ளத்தில் போனவர். அவர் வாயில் கோடை என்ற சொல் வெயிலுக்குத்தான் வரும், மேல்காற்றுக்கு, அதாவது மேற்குக் காற்றுக்கு, கச்சான்தான். "இன்னைக்கு மேற்கிலிருந்து 30 கி.மீ. வேகம்" என்று வானொலி சொல்லும், அவர் "கச்சான் ஏறுது" என்பார். அந்த ஒரு சொல்லில் திசை, மாதம், அலை, வலை போடலாமா கூடாதா எல்லாம் வந்துவிடும். எனக்கு அதுதான் உயர்வாகப் படுகிறது.

அவர் சொல்லித் தந்த வித்தை ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே அளவாக விழும் இடத்தில் நிறுத்து. மூக்கு நிற்கிற பக்கம்தான் காற்று வரும் பக்கம். கேள்வி கேட்ட தம்பி, உங்கள் மூக்கு தப்பில்லை என்று முதலிலேயே சொன்னேன்.

நவம்பர் 2, மாலை 6.15
மீனைக் கண்டுபிடித்துவிட்டேன். குற்றவாளி பக்கத்து அடுக்குமாடி.

என் வீட்டுக்கு வடக்கே அஞ்சு மாடிக் கட்டடம். திசைகாட்டி இருந்தது என் கைப்பிடிச் சுவரில், நாலடி உயரத்தில். வடக்குக் காற்று அந்தக் கட்டடத்தைத் தாண்டி மேலே போகிறது. கட்டடத்தின் முதுகுப் பக்கம் ஒரு வெற்றிடம் மாதிரி ஆகிவிடுகிறது. அதை நிரப்பக் காற்று சுருண்டு திரும்பி வருகிறது. அந்தச் சுருளுக்குள்தான் என் மீன். ஆற்றில் பாலத்தூணுக்குப் பின்னால் சருகு எதிர்த்திசையில் மிதந்து தூணிடமே வருமே, அதே கதை.

ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். சுவரோரம் வைத்தால் புகை அடுக்குமாடியை நோக்கி, அதாவது வடக்கே போனது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பிடித்தால் அதே புகை தெற்கே பறந்தது. பத்தடிக்குள் நேர் எதிர். கீழே நின்ற என் மனைவி "கார்த்திகை பொறக்கவே இல்ல, அதுக்குள்ள தொட்டிக்குப் பூஜையா?" என்று கேட்டார்.

வானிலை நிலையங்களில் காற்றுமானியைத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள தடுப்புகளிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல 10 மடங்கு தூரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அஞ்சு மாடிக்கு 150 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் போனால் அடுத்த அஞ்சு மாடி வந்துவிடும். ஊருக்குள் இருப்பவர்கள் "எங்கள் வீட்டில் காற்று இப்படி" என்று எழுதும்போது முதலில் பக்கத்துச் சுவரைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் வங்கக் கடலுக்குப் போகலாம். 26ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

நவம்பர் 5, பகல் 12.20
தொட்டி மேல் 12 அடி இரும்புக் குழாய் நட்டு மீனை ஏற்றியாகிவிட்டது. வடக்கைக் குறிக்கச் செல்போன் திசைகாட்டியை இரும்புக் குழாய் பக்கத்தில் பிடித்தால் அது பைத்தியம் பிடித்தாற்போல் ஆடுகிறது. அதனால் நிழலை நம்பினேன். நவம்பர் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 11.53க்கு. அந்த நிமிடத்தில் குழாயின் நிழல் விழுந்த கோட்டில் சுண்ணாம்பு இழுத்தேன். அதுதான் வடக்கு. இதை ஜூன் மாதத்தில் செய்யாதீர்கள். அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும்.

நவம்பர் 30, இரவு 11.00
ஒரு மாதமாகக் காலை 8 மணிக்கு மீன் காட்டும் பாகையை நோட்டில் எழுதி, கணினியில் ஏற்றிச் சராசரி எடுத்தேன். 178 வந்தது. தெற்கு! நவம்பர் மாதச் சென்னையில் தெற்கு! மறுபடியும் அடுக்குமாடியைத் திட்டத் தொடங்கிவிட்டேன். பையன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பாதி நாள் 350, 340. பாதி நாள் 10, 20. எல்லாம் வடக்குதான். 350ஐயும் 10ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180.

பாகையை நேராகச் சராசரி எடுக்கவே கூடாது. ஒவ்வொரு காற்றையும் வடக்கு-தெற்குப் பங்கு, கிழக்கு-மேற்குப் பங்கு என்று சைன், கொசைனால் உடைத்து, அவற்றைத் தனித்தனியாகச் சராசரி எடுத்து, திரும்பத் திசையாக மாற்ற வேண்டும். செய்தோம். வடக்கிலிருந்து கிழக்கே கொஞ்சம் சாய்ந்து வந்தது. 35 வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவனுக்கு இந்த அடி தேவைதான்.

டிசம்பர் 12, காலை 8.30
இன்றைய தேதிக்கு வேறு எதையும் எழுத முடியவில்லை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல்.

காலையில் வடமேற்கிலிருந்து அடித்தது. வாஸ்துக்காரர்கள் வடமேற்கை வாயு மூலை என்பார்கள், அன்றைக்கு அந்த மூலைதான் பேசியது. எங்கள் தெரு வேப்பமரம் பதினொன்றரை மணி வாக்கில் தென்கிழக்கே தலை வைத்து விழுந்தது. பிற்பகலில் புயலின் கண் எங்களைக் கடந்தது. பிறகு தென்மேற்கிலிருந்து அடித்து, எதிர்வீட்டு முருங்கை வடகிழக்கே தலை வைத்துச் சாய்ந்தது. இரண்டு மரமும் குறுக்கும் நெடுக்குமாகத் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. மூன்று நாள் கரண்டு இல்லை. நாலாம் நாள் அறுக்க வந்தவர்கள் "ரெண்டு புயலா வந்துச்சு?" என்றார்கள்.

ஒரே புயல்தான். வங்கக் கடல் புயலில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்களோ அதைப் பொறுத்துத் திசை மாறும்.

டிசம்பர் 13, இரவு 9.45
ராயபுரத்துக்காரர் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார், சரியாகவே. "கண் எங்களைக் கடந்தது சார், உங்களை இல்லை. இங்கே காற்று சட்டென்று அடங்கி, ஆட்கள் தெருவில் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. பம்மலில் காற்று நின்றதா?" யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு நிற்கவே இல்லை. வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பிக்கொண்டே அடித்தது. அதாவது மையம் எங்களுக்கு வடக்கே போயிருக்கிறது. பின்னால் கேள்விப்பட்டதை என் நினைவோடு சேர்த்துத் தைத்துவிட்டேன் போல.

இதிலிருந்து கடற்கரைக்காரர்களுக்கு ஒரு கைக்கணக்கு. புயல் கிழக்கிலிருந்து வருகிறது, காற்று வடக்கில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் ஆக ஆக அது மேற்கு வழியாகத் தெற்குக்குத் திரும்பினால் புயல் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. கிழக்கு வழியாகத் தெற்குக்குத் திரும்பினால் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் உங்களை நோக்கியே வருகிறது. காற்று திடீரென்று நின்றுபோனால் போட்டோ எடுக்கப் போகாதீர்கள்.

டிசம்பர் 13, இரவு 10.00
கைக்கணக்கை நம்பி அரசு எச்சரிக்கையைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். அது செய்தி தெரியாதவனுக்கு, கரண்டு போனவனுக்கு.

ஜனவரி 15, மாலை 4.00
பொங்கல் வாழ்த்து. யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாப் படங்கள் போட்டிருக்கிறார். தைப்பொங்கல் அன்றைக்கு வைத்தது சும்மா இல்லை. வடகிழக்குக் காற்று மழையைக் கொட்டி முடித்துவிட்டு வறண்டு, ஒரே சீராகக் கடலிலிருந்து வீசும் காலம் இது. கடல் மேல் உரசல் குறைவு, அதனால் குதிப்பும் குறைவு. பட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும். என் மாடியில் சாதாரணப் பட்டமே நிற்கவில்லை, அடுக்குமாடிச் சுருளில் சிக்கித் தலைகீழாக விழுந்தது.

ஏப்ரல் 9, இரவு 10.30
மூன்று மாதம் இழை தூங்கிவிட்டது. காற்றும்தான். தெற்கு, தென்கிழக்கு, மெதுவாக. கவிஞர்களுக்குத் தென்றல், எங்களுக்கு மின்விசிறியை நாலில் வைக்கும் காலம்.

மே 19, மதியம் 2.10
இன்று 1.40க்குத் துணி திரும்பியது.

என் மனைவிக்குத் திசைகாட்டி எதுவும் வேண்டாம், துணி காயப்போடும் கொடிதான். எங்கள் கொடி தெற்கு வடக்காகக் கட்டியிருக்கிறது. காலையில் போட்ட புடவை மேல்காற்றில் கிழக்கே உப்பிக்கொண்டு நிற்கும். அடுப்பைத் திறந்தாற்போல் அனல். 1.35க்குக் காற்று செத்தது, புடவை நேராகத் தொங்கியது. அஞ்சு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கிழக்கேயிருந்து ஒரு தள்ளு, புடவை மேற்கே ஊதியது. "துணி திரும்பிடுச்சு, ஜன்னலைத் தொற" என்று உள்ளே குரல் கொடுத்தார். கை கசகசத்தது. கடல்காற்று வந்துவிட்டது.

பகலில் நிலம் சட்டென்று சூடாகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேல் காற்று லேசாகி அழுத்தம் இறங்க, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. ராத்திரி இதற்கு நேர்மாறு. நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கரைக்காற்று கடலுக்குப் போகும். பெரியப்பா விடியலுக்கு முன்னால் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், மதியக் கடல்காற்றில் திரும்பிவிடுவார். டீசல் செலவு இல்லாத கணக்கு.

சென்னையில் மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்றை உள்ளே விடாது. மே, ஜூனில் 40 பாகை செல்சியஸ் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். நுங்கம்பாக்கத்தில் வந்துவிட்ட கடல்காற்று மீனம்பாக்கத்துக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும், எங்களுக்கு அதற்கும் பிறகு. பம்மலில் வீடு வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

மே 19, இரவு 8.00
மாலைக்குள் மீன் கிழக்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பியிருக்கிறது. கடல்காற்றும் ஓட ஓட வலப்பக்கம் விலகுகிறது பாருங்கள். அக்டோபரில் சொன்ன அதே வலம்.

ஜூன் 24, இரவு 9.30
ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போய்விட்டுத் திருநெல்வேலிக்குப் பேருந்தில் வந்தேன். தோவாளை தாண்டும்வரை சாதாரணக் காற்று. ஆரல்வாய்மொழி நெருங்கியதும் பேருந்தின் தகரம் பேச ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடியை நான் இழுக்க, காற்று எதிர்ப்பக்கம் இழுக்க, பக்கத்தில் இருந்த அம்மா "விடுங்க தம்பி, முப்பந்தல் தாண்டினாத்தான் மூடும்" என்றார். 57 வயதில் தம்பி என்று கூப்பிட ஆள் கிடைத்தது சந்தோஷம். ரோட்டோரத்து உடைமரங்கள் எல்லாம் கிழக்கே முடி வாரினாற்போல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்த மரங்களும் திசைகாட்டிதான். என்ன, பல வருடச் சராசரியைக் காட்டுகின்றன. சைன், கொசைன் தவறும் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை பருவக்காற்றுக்குச் சுவர். சுவரில் எங்கே வாசல் இருக்கிறதோ அங்கே காற்று நெருக்கியடித்து வேகமாக வெளியே வரும், வாசல் எந்தத் திசையில் திறந்திருக்கிறதோ அந்தத் திசையிலேயே வரும். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலம், அதன் வாலில் பல்லடம், உடுமலை. செங்கோட்டைப் பக்கத்து வாசலின் வாலில் தென்காசி, கயத்தாறு. குற்றாலத்துச் சாரலும் அதே வாசல் வழியாக வருவதுதான். ஆரல்வாய்மொழியின் வாலில் முப்பந்தல். தமிழ்நாட்டு வரைபடத்தில் காற்றாலைகளுக்குப் புள்ளி வைத்தால் கணவாய்கள் எங்கே என்று சொல்லிவிடலாம். இந்தியாவில் 1986ல் முதன்முதலாகச் சோதனைக் காற்றாலைகள் வைத்த இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று.

காற்றாலையின் உச்சியில், இறக்கைக்குப் பின்னால், சிறிதாக ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? திசைகாட்டி. என் மீனின் பணக்காரச் சித்தப்பா. அது சொல்லும் திசைக்கு மோட்டார்கள் மொத்தத் தலையையும் திருப்புகின்றன.

ஜூலை 3, இரவு 10.15
மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: "அண்ணா, நீங்கள் கச்சான் என்று ஆசையாக எழுதுகிறீர்கள். இங்கே கச்சான் அடித்தால் கண் எரியும், உதடு வெடிக்கும், நெருப்புக் காற்று."

உண்மை. அதே தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குப் பக்கத்தில் மலையேறும்போது மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரத்தோடு ஏறும்போது மெதுவாகத்தான் குளிர்கிறது. ஈரம் போய்க் கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு கி.மீ. இறக்கத்துக்கும் சுமார் 10 பாகை சூடேறுகிறது. ஏறியபோது இழந்ததைவிட இறங்கும்போது ஏறும் சூடு அதிகம். அதனால் நுவரெலியாவில் கம்பளி, மட்டக்களப்பில் கண்ணெரிச்சல். ஒரே காற்று, ஒரே திசை. கச்சான் என்றால் அங்கே வேர்க்கடலைக்கும் அதுதான் பெயர் என்று இன்னொருவர். வறுத்தெடுப்பதில் ஒற்றுமை இருக்கிறது.

ராமேசுவரத்துக்காரர்களைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள். தீவின் தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல். இப்போது போனால் தெற்கு முரட்டுத்தனமாக அடிக்கும், வடக்கு குளம் மாதிரி கிடக்கும். மார்கழியில் போனால் பெண்கடல் ஆடும். பெயர் வைத்தவர் ஆடியில் வந்திருப்பார் போல.

ஜூலை 20, மாலை 6.40
"மழை மேற்கேயிருந்து வருகிறது, காற்றோ கிழக்கேயிருந்து. மேகம் காற்றை எதிர்த்தா நீந்துகிறது?" நல்ல கேள்வி. இந்த மாதங்களில் சென்னையில் தினமும் நடப்பது.

வானம் மாடி வீடு மாதிரி. தரைத்தளத்தில் மாலைக் கடல்காற்று, கிழக்கேயிருந்து. அதற்கு மேலே பருவக்காற்று, மேற்கேயிருந்து. இடி மேகத்தை நகர்த்துவது மேல்தளக் காற்று, அதனால் வேலூர்ப் பக்கம் எழும் மேகம் நம்மை நோக்கி வருகிறது. மேகம் பக்கத்தில் வந்ததும் அதிலிருந்து குளிர்ந்த காற்று தரையில் இறங்கிப் பரவி, கடல்காற்றை விரட்டிவிட்டு மேற்கேயிருந்து அடிக்கும். கொடியில் துணி ஒரே நாளில் இரண்டாம் முறை திரும்பினால் ஓடிப்போய் எடுக்க வேண்டியதுதான்.

இன்னும் மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில், மறுபடியும் கிழக்கேயிருந்து, பயங்கர வேகத்தில். 1950களில் கோட்டேசுவரம் என்ற நம் வானிலை விஞ்ஞானி அடையாளம் கண்ட கிழக்கத்திய ஜெட் காற்று அது. இன்று காலை பார்த்தேன். தாழ்ந்த மேகத் துண்டுகள் கிழக்கே போகின்றன, அதற்கு வெகு உயரத்தில் கோழியிறகு மாதிரி வெள்ளைக் கீற்றுகள் மேற்கே நகர்கின்றன. மின்கம்பத்தின் நுனியோடு ஒட்டவைத்து ஒரு நிமிடம் பார்த்தால்தான் நகர்வு தெரியும். கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜூலை 21, காலை 7.30
பம்மல்காரனுக்கு இன்னொரு திசைகாட்டி: விமானம். ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். சென்னையின் பெரிய ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் 07, 25 என்று எண், அதாவது 70 பாகை, 250 பாகை. ஆடி மாதக் காலையில் மேல்காற்று இருக்கும்போது விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு ஏறும். மாலையில் கடல்காற்று வந்தால் அதே வானத்தில் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும். காற்று மெலிந்த நாட்களில் இந்தக் கணக்கு உதைக்கும், அவர்கள் வசதிக்கு எந்த முனையையும் வைத்துக்கொள்வார்கள்.

ஆகஸ்டு 6, இரவு 9.00
ஆடிக்காற்றில் அம்மி பறக்கவில்லை. தொட்டியின் மூடி பறந்தது. மூன்றாம் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குத் தென்கிழக்கே கண்டெடுத்தோம். காற்று வடமேற்கிலிருந்து வந்ததா, மூடி உருண்டுபோனதா என்று விவாதிக்க வேண்டாம்.

அக்டோபர் 17, காலை 6.50
கேள்வி கேட்ட தம்பி ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்: "மாடியில் ரிப்பன் கட்டியிருக்கிறேன். இரண்டு நாளாக எந்தப் பக்கமும் நிற்காமல் சுற்றுகிறது. ரிப்பன் தப்பா?"

இல்லை. மேல்காற்று விலகிவிட்டது, வாடை இன்னும் பிடிக்கவில்லை. இடைப்பட்ட நாட்களில் காற்றுக்குத் திசையே கிடையாது, வானிலை அறிக்கையிலும் மாறும் திசை என்றுதான் போடுவார்கள். பகலில் கடல்காற்று மட்டும் வந்துபோகும்.

அப்புறம், என் மீன் மூன்று நாளாக வடகிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. வாடை பிடித்துவிட்டது என்று நேற்றே இங்கே எழுத இருந்தேன். இன்று காலை தொட்டி மேல் ஏறித் தொட்டுப் பார்த்தால் ஹப் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறேன்.